நாலு தட்டுக் கரியர்

கொட்டாஞ்சேனை
11.02.2008

மதிப்புக்குரிய பாலேஸ்வரி மிஸ்ஸுக்கு,

உங்களுக்கு இரண்டு வருடமாக மத்தியானச் சோறு கட்டி அனுப்பும் நேசம் எழுதுவது. என் முகம் உங்களுக்குத் தெரியாது. ஓட்டோவில் கொண்டுவந்து தருகிற மஷூரைத்தான் தெரியும். இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். எனக்கு இடது காது முழுச் செவிடு, வலது காது அரைச் செவிடு. போனில் ஆள் கத்தரிக்காய் என்றால் எனக்குக் கத்தரிக்கோல் என்று கேட்கும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு குப்பை மலை இருக்கிறது. கொழும்பு தின்று போட்டதெல்லாம் லொறியில் அங்கேதான் வருகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால், கழிவுக் கான் அடைத்துத் தண்ணீர் என் வாசற்படிக்கு ஏறி நிற்கிறது. மண்வெட்டியால் கிண்டி இழுத்தேன். எல்லாம் சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் சீற். ஒரு வாளி நிறைய. அதில் பாதிக்கு மேல் பச்சை றப்பர் வளையத்தோடு கிடந்தது. பச்சை வளையம் போட்டுச் சோறு கட்டுகிறவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். நான் கட்டி வெள்ளவத்தைக்கு அனுப்புகிறேன், வெள்ளவத்தை அதை எனக்கே திருப்பி அனுப்புகிறது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, என்னைச் சுடவில்லை, என் வாசலை நனைத்தது.

மெல்லிய பொலித்தீன் கூடாது என்று போன வருடம் சட்டம் வந்தது. கடைக்காரன் கொஞ்சம் தடித்ததைத் தருகிறான், அவ்வளவுதான் மாற்றம். ஆகவே 25ஆம் திகதியிலிருந்து எல்லோருக்கும் எவர்சில்வர் கரியரில் சாப்பாடு. தின்றுவிட்டுக் கழுவித் தந்தால் போதும்.

இன்னொன்று. கேட்கலாமோ தெரியாது, கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஒன்றரை வருடம் உங்களுக்கு ஒரு சைவச் சோறு மட்டும் அனுப்பினேன். போன ஜூலையிலிருந்து கூடவே ஒரு மீன் சோறும் கேட்கிறீர்கள். நீங்கள் சுத்த சைவம் என்று மஷூர் சொல்கிறான். அப்போ மீன் யாருக்கு?

இப்படிக்கு,
நேசம்


வெள்ளவத்தை
13.02.2008

திருமதி நேசம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். மீன் பூனைக்கு.

கரியர் எனக்குச் சரிவராது. லஞ்ச் சீற்றிலேயே அனுப்புங்கள். உங்கள் கான் அடைத்ததற்கு வருந்துகிறேன். ஆனால் ஊரார் சாப்பிட்ட கரியர் மாறி எனக்கு வந்தால் என்ன செய்வது? நான் மற்றவர்கள் மீன் தின்ற பாத்திரத்தில் சாப்பிட மாட்டேன். இது தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

மீன் குழம்புக்கு உறைப்புக் காணாது. கவனிக்கவும்.

இப்படிக்கு,
செல்வி பா. சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
15.02.2008

பாலேஸ்வரி மிஸ்,

உங்கள் பூனைக்கு உறைப்புக் காணாது என்று வாசித்துவிட்டு, அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். எங்கள் கொட்டாஞ்சேனைப் பூனைகளுக்குச் சட்டியைக் கழுவின தண்ணீரே விருந்து. வெள்ளவத்தைப் பூனை, வாழ்ந்த பூனை போல.

கோபிக்காதீர்கள். கரியர் மாறாமல் இருக்க வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கரியரிலும் வீட்டு இலக்கத்தை நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸால் எழுதிவிட்டேன். உங்களுக்கு இரண்டு. சைவத்தில் 3/2 – 1, மீனில் 3/2 – 2. சைவக் கரியரில் மீன் மணமே படாது, மாதா மேல் ஆணை.

முதலில் வாழையிலையில் கட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கிற செக் பொயின்ற்றில் ஆமிக்காரர் முப்பத்தொரு பொதியையும் அவிழ்த்துப் பார்த்தார்களாம். உள்ளே என்ன என்று தெரியவில்லை என்று. குழம்பு வேறு, சோறு வேறாக அள்ளிக் கட்டிக்கொண்டு மஷூர் அழாத குறையாக வந்தான். கரியர் என்றால் மூடியைத் திறந்து காட்டினால் முடிந்தது. ஆமிக்காரனுக்கும் சுகம், எனக்கும் சுகம்.

உங்கள் ஒருவருக்கு மட்டும் லஞ்ச் சீற் வாங்க நான் கடைக்கு ஓட முடியாது மிஸ். திங்கள் 25ஆம் திகதி கரியர் வரும்.

நேசம்


வெள்ளவத்தை
26.02.2008

நேசம்,

இதை மேல் தட்டின் மூடிக்குள் மடித்து வைக்கிறேன். திரும்பிப் போகும் வெறும் கரியரை ஆமிக்காரர் திறப்பதில்லை. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நேற்று செக் பொயின்ற்றில் இருந்தவர் கரியர்களை வரிசையாக வைத்து எண்ணியிருக்கிறார். 3/2 – 1, 3/2 – 2 என்று வாசித்து, அந்த வீட்டில் இரண்டு பேரா என்று மஷூரைக் கேட்டிருக்கிறார். தனக்குத் தெரியாது என்று மஷூர் சொன்னானாம். பொலிஸ் பதிவில் இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள், நான் மட்டும்.

இனி மறைத்துப் பயனில்லை. பூனை இல்லை. என் தங்கச்சியின் மகள் கௌரி. பத்தொன்பது வயது. போன ஜூலையில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். எப்படி வந்தாள் என்று நான் எழுத மாட்டேன். அங்கேயிருந்தால் இயக்கத்துக்காரர் பிடித்துக்கொண்டு போய்ப் போருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தாய் அனுப்பினாள். இங்கே பொலிஸில் பதியக் கொண்டுபோனால், எந்தப் பயணப் பாஸில் வந்தாய் என்பது முதல் கேள்வி. பாஸ் இல்லை. பதியாமல் பிடிபட்டால் கொண்டுபோய்விடுவார்கள். எட்டு மாதமாக அவள் ஜன்னலோரம் கூடப் போனதில்லை.

லஞ்ச் சீற்றைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அந்த வீட்டில் ஒருவர் சாப்பிட்டாரா ஒன்பது பேர் சாப்பிட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் கரியர் வேண்டாம் என்றேன். முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பெயரைப் பதிந்த எனக்கு, ஒரு பெயரைப் பதிவில் இல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா? அவசரமாக எழுதுகிறேன். எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள்.

பாலேஸ்வரி


கொட்டாஞ்சேனை
27.02.2008

பாலேஸ்வரி அக்கா,

மஷூர் இதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், வாய் திறக்கத் தெரியாது. நம்பலாம்.

என் விசர் வேலை. நாக்கைக் கடித்துக்கொண்டு அழுதேன். உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன், கியூடெக்ஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

இப்போ யோசித்துப் பாருங்கள். நாளைக்கே உங்கள் வீட்டுக்கு மட்டும் லஞ்ச் சீற் வந்தால் அந்த ஆமிக்காரன் கேட்பான், இந்த நோனாவுக்கு மட்டும் என்ன வேறு என்று. நேற்று இரண்டு கரியர் கண்டவன் நாளைக்கு ஒன்றைக் கண்டால், அதற்கும் மஷூர் பதில் வைத்திருக்க வேண்டும். அதனால் புறக்கோட்டைக்குப் போய் ஒரு நாலு தட்டுக் கரியர் வாங்கினேன். கீழ்த்தட்டு இரண்டிலும் சோறு. மூன்றாவதில் மரக்கறி. மேல் தட்டில் மீன், தனி மூடியோடு, உங்கள் பக்கம் ஒழுகாது. கரியர் ஒன்று, இலக்கம் ஒன்று, ஆள் ஒன்று. "எங்கட மெடம் பிழையா ரெண்டுல எழுதிட்டாங்க, அந்த நோனா நல்லா சாப்பிடுவாங்க" என்று மஷூர் சொல்லுவான்.

இனி நீங்கள் பெருந்தீனிக்காரி. மானம் போனால் போகட்டும். பிள்ளைக்கு உறைப்பைக் கூட்டியிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

நேசம்


வெள்ளவத்தை
17.03.2008

அன்புள்ள நேசம்,

நான் ஆறரைக் கல்லு நிறை, நாற்பது கிலோ சொச்சம்தான். ஒரு அகப்பைச் சோற்றில் அரைவாசியை மிச்சம் வைப்பேன். அப்படிப்பட்ட எனக்குச் செக் பொயின்ற்றில் 'படகினி நோனா' என்று பெயர். பசிக்கார அம்மாவாம். பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது ஒருவர் மற்றவருக்கு என்னைக் காட்டிச் சிரித்தார். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கௌரியிடம் சொன்னேன். அவள் வாயை என் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தரம்.

அவளுக்கு உங்களைப் பற்றி ஒரே கேள்வி. அந்த மலை எவ்வளவு உயரம், அதில் என்ன முளைக்கிறது, காகம் கூடு கட்டுமோ என்றெல்லாம். எனக்கு என்ன தெரியும்? நான் முப்பது வருடமாகக் குப்பையை வாசலில் வைக்கிறேன், லொறி வருகிறது, போகிறது. எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள்தான் சொன்னாள், "பெரியம்மா, எங்கட பக்கம் பொலித்தீன் வாறது குறைவு. குளத்தில தாமரையிலை பறிச்சு அதிலதான் சோறு கட்டுவம். ஒட்டாது, ஒழுகாது, சாப்பிட்டிட்டு மாட்டுக்குப் போடலாம்" என்று. கொழும்பில் தாமரை கோயில் வாசலில் பூவாக விற்கும், இலை வராது.

இன்னொரு புதினம். எங்கள் மாடியில் இப்போது பதினொரு வீட்டுக்கு உங்கள் கரியர் வருகிறது. கீழ் வீட்டு பைறோஸா இறைச்சிக் கடைக்கும் சட்டியோடு போகத் தொடங்கிவிட்டார், சொப்பிங் பை வேண்டாம் என்கிறார். பின் கானில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. இவ்வளவு காலமும் ஓடவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாலேஸ்வரி


கொட்டாஞ்சேனை
19.03.2008

அக்கா,

மலை மூன்று மாடி உயரம். அதில் பப்பாசி முளைக்கிறது, பூசணி படர்கிறது, நாங்கள் யாரும் தின்பதில்லை. காகம் லஞ்ச் சீற்றைக் கிழித்துத்தான் கூடு கட்டுகிறது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். இன்று காலையில் கான் ஓரம் போய்ப் பார்த்தேன். பச்சை வளையம் இரண்டுதான் கிடந்தது. மற்றக் கடைகளின் சிவப்பும் மஞ்சளும் ஏராளம். இருந்தாலும் என் பங்கு குறைந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

இப்போ பயப்படாமல் வாசியுங்கள். இந்தப் பக்கம் வீடு வீடாகச் சோதனை தொடங்கிவிட்டது. வெள்ளவத்தைக்கும் வரும். பிள்ளையை வீட்டுக்குள் எத்தனை நாளைக்கு ஒளிக்கலாம்?

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஹெந்தளையில் இருந்த என் அக்காவின் மகள் புளோறன்ஸ் என்னோடு இருந்து சமைத்தவள். நவம்பரில் குவைத் போய்விட்டாள். இங்கே பொலிஸ் பதிவில் அவள் பெயர் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. பாஸ்போட்டோடு போனவள், அடையாள அட்டையை அலுமாரியில் விட்டுவிட்டுப் போனாள். பதினாறு வயதில் எடுத்த படம். அதில் அவள் யாரைப் போலவும் இருப்பாள். உங்களிடம் பதிவில்லாத ஆள், என்னிடம் ஆளில்லாத பதிவு. பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள். என்னோடு சமைக்கட்டும், கரியர் கழுவட்டும், வெளியே வெயிலில் நிற்கட்டும்.

நேசம்


வெள்ளவத்தை
24.03.2008

நேசம் அவர்களுக்கு,

நல்ல மனதோடு எழுதினீர்கள் என்று தெரியும். ஆனால் முடியாது. அவள் தகப்பன் பள்ளிக்கூட அதிபர். அவள் ஏ.எல். சோதனையில் மூன்று பாடமும் சித்தி. அவளை ஊரார் எச்சில் கரியர் கழுவ அனுப்பினேன் என்று என் தங்கச்சிக்கு என்ன முகத்தோடு சொல்லுவேன்? வேறு பெயர், வேறு சமயம். கழுத்தில் சிலுவை போட வேண்டி வரும். நாளைக்கு ஏதும் நடந்தால் அவள் பெயரைச் சொல்லி அழக்கூட எனக்கு உரிமை இல்லை.

அவள் போகிறேன் என்கிறாள். நான்தான் விடவில்லை. என் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

பாலேஸ்வரி


கொட்டாஞ்சேனை
26.03.2008

மிஸ்,

ஈஸ்டர் கிழமையில் கோபப்படக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். முடியவில்லை.

எச்சில் கரியர் என்றீர்கள். அதைக் கழுவுகிற கைதான் உங்களுக்குச் சோறும் போடுகிறது. அந்தக் கை தொட்டதை இரண்டு வருடமாக நீங்கள் வாயில் வைக்கிறீர்கள். அப்போ வராத முகம் இப்போ எங்கிருந்து வந்தது? பிள்ளையை வைத்திருக்கிறது பாசமா, கௌரவமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

கரியர் வழமைபோல வரும். அதில் கோபத்தைக் காட்ட மாட்டேன்.

நேசம்


வெள்ளவத்தை
08.04.2008

என் அன்புத் தங்கச்சி நேசம்,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். நேற்று மத்தியானம் சோதனைக்கு வந்தார்கள். மஷூர் கரியரை வைத்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கௌரி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் பதிவுத் தாளோடு என் முன்னறையில் நின்றார். ஒரு ஆள் என்று வாசித்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"ஒக்கொம நோனாட்டத?" என்று கேட்டார். எல்லாம் உங்களுக்கா என்று. நான் ஓம் என்றேன். அவர் கதிரையை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். "கன்ன" என்றார். சாப்பிடுங்கள். அதட்டவில்லை. விளையாட்டாகச் சொன்னாரா, விசாரணையாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நேசம், நான் சாப்பிட்டேன். முதல் தட்டுச் சோறு. மரக்கறி. இரண்டாம் தட்டுச் சோறு. தொண்டையில் நின்றது. அவரே எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து தந்தார். குளியலறையைக் கடந்துதான் போனார், கடந்துதான் வந்தார். மேல் தட்டு மூடியிருந்தது. அவர் அதைத் திறந்து என் பக்கம் தள்ளினார். மீன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. என் வாயில் மீன் பட்டதில்லை. அதைத் தின்ன மாட்டேன் என்றால், பிறகு இது யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். நான் மீனை எடுத்துத் தின்றேன். இரண்டு துண்டும். முள் குத்தியது. கண்ணால் தண்ணீர் ஓடியது, உறைப்பு என்று கையால் காட்டினேன். என் குலதெய்வமே வந்து முன்னால் நின்றிருந்தாலும் அந்த நேரம் தின்றுதான் இருப்பேன்.

அவர் எழுந்தார். குளியலறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். அதைத் திறக்கவில்லை. வாசலில் நின்று, "ஹெட்ட இந்தலா தெகக் கேன்ன கியன்ன, நோனா. எக்கக் மதி" என்றார். நாளையிலிருந்து இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள், ஒன்று காணாது. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தெரிந்து சொன்னாரா? தெரியாமல் சொன்னாரா? இரக்கமா, எச்சரிக்கையா? நேற்றிலிருந்து கௌரியும் நானும் இதையே மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் இரங்கியிருந்தாலும், அடுத்த தரம் வேறு ஒருவர் வருவார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், கௌரவம்தான். அது நேற்று மீனோடு போய்விட்டது. மன்னியுங்கள். நாளை மஷூரோடு அந்த அட்டையை அனுப்புங்கள். அவள் மற்ற வீட்டுக் கரியர்களைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் வேலைக்காரப் பிள்ளையாக ஓட்டோவில் ஏறுவாள். சிலுவை போட வேண்டுமென்றால் போடட்டும். பிள்ளை பத்திரம்.

உங்கள் அக்கா,
பாலேஸ்வரி


கொட்டாஞ்சேனை
10.04.2008

என் அக்காவுக்கு,

நேற்று நீங்கள் அனுப்பின கரியர் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. வழியில் இரண்டு இடத்தில் பார்த்தார்களாம், இரண்டு இடத்திலும் விட்டார்களாம். வந்ததும் பின்வாசலில் அரை மணித்தியாலம் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றது. நாற்றமடிக்குது, உள்ளே வா என்றேன். "வெளியில நிண்டு எவ்வளவு நாள் அன்ரி" என்றது.

இனி உங்களுக்கு ஒரு ஆள் சாப்பாடு போதும் என்று நினைப்பீர்கள். குறைக்க மாட்டேன். நாலு தட்டும் வரும். படகினி நோனாவுக்குத் திடீரென்று பசி நின்றால், மற்ற வாய் எங்கே போனது என்று அவர்களில் ஒருவர் கேட்பார். முடிந்ததைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பைறோஸா வீட்டுக்குக் கொடுங்கள், ஆனால் மூடி திறக்கும்போது நாலும் நிறைந்திருக்க வேண்டும்.

மேல் தட்டைப் பற்றித்தான் இன்று எங்களுக்குள் சண்டை. மீன் வைக்காவிட்டால் ஆபத்து என்றேன் நான். பெரியம்மாவுக்கு இன்னொரு தரம் அந்தக் கஷ்டம் வேண்டாம் என்றாள் அவள். காலை ஐந்து மணிக்கு எழுந்து வாழைக்காயைச் சரிவாகத் துண்டு போட்டு, மஞ்சள் பிரட்டிப் பொரித்து, கொறுக்காப்புளி விட்டு மீன் குழம்பு போலவே வைத்தாள். புதுச் சட்டியில். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன், கண்ணுக்கு அறக்குளா மீன் துண்டேதான். அவர் மறுபடி எதிரே வந்து உட்கார்ந்தாலும் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

நேசம்